தலைகீழாகத் தெரிந்த தங்கை

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, என் தங்கை மாலதி லேப்டாப் திரையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் பதினோரு மணிக்கு அவளுக்கு இன்டர்வியூ!

மாலதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எங்களோடு பேசுவது கைகளால்தான். பல வருடங்களாக ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கும் வேலை. லீவு நாட்களில் படித்து, சைகை மொழி கற்பிப்பதில் டிப்ளமோ வாங்கினாள். கோயம்புத்தூரில் காது கேளாத குழந்தைகளுக்கான ஒரு பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. வீடியோவில் இன்டர்வியூ, அதுவும் சைகையில். ‘இரண்டு கைகளும் தெளிவாகத் தெரிய வேண்டும்’ என்று மெயிலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

செல்போன் போதாதா என்கிறீர்களா? எதிரே நான்கு பேர். உள்ளங்கை அகலத் திரையில் நான்கு பேரின் விரல்களை எப்படிப் படிப்பது?

ஆகவே என் லேப்டாப். அங்கேதான் வந்தது வினை.

அது பழசு. ஆமையாக ஊர்கிறது என்று ஆபீஸில் புலம்பியிருந்தேன். “லினக்ஸ் போடுங்க சார். ஃப்ரீதான். பறக்கும்” என்றார் நண்பர். லேப்டாப்பை இயக்கும் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு அதைப் போட்டேன். பறந்தது. கேமரா மட்டும் பறந்தே போய்விட்டது! திறந்தால், ‘கேமரா எதுவும் இல்லை’ என்று செய்தி. திரைக்கு மேலே முழித்துக்கொண்டிருக்கிறதே ஒன்று... அது என்னவாம்?

லினக்ஸ்காரர்கள் கூடும் இணையதளம் ஒன்றில் போய்க் கேட்டேன். ஒருவர், எந்த வெர்ஷன் என்றார். இன்னொருவர், எனக்கு வேலை செய்கிறதே என்றார். ரொம்ப சந்தோஷம்! மூன்றாமவர் ஒரு பழைய பதிவைக் காட்டினார். அச்சு அசலாக என் பிரச்சினை. ஆவலோடு கடைசி வரிக்குப் போனால், ‘சரியாகிவிட்டது, நன்றி.’ எப்படி ஐயா சரியானது? அதைச் சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள்?

இரண்டு நாள், அர்த்தம் தெரியாத கட்டளைகளை மந்திரம் மாதிரி டைப் அடித்தேன். மூன்றாம் நாள் புதன். காலையில் காபியோடு வந்த என் மனைவி கீபோர்டை எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, இந்த பட்டன்ல கேமரா படம் போட்டு குறுக்கே கோடு கிழிச்சிருக்கே... இது எதுக்கு?”

அமுக்கினேன். கேமரா உயிர் பெற்றது. இரண்டு நாள் உழைப்புக்கு ஒரு பட்டன்!

மாலதி ஓடி வந்து முன்னால் உட்கார்ந்தாள். திரையில் தலை கீழே, நாற்காலி மேலே. கட்டை விரலை உயர்த்திப் பார்த்தாள். அது கீழ்நோக்கித் தொங்கியது. இப்படி ஒருவர் சைகையில் பேசினால் யாருக்குப் புரியும்?

மறுபடி அதே இணையதளம். இந்த மாடலில் கேமராவையே தலைகீழாகத்தான் பொருத்தியிருக்கிறார்கள்; முன்பிருந்த சிஸ்டம் சத்தமில்லாமல் நிமிர்த்திக் காட்டியிருக்கிறது; லினக்ஸுக்கு நாம்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். சொன்னேன். போட்டோ எடுக்கும் செயலியில் நிமிர்ந்தாள். இன்டர்வியூ நடக்கும் செயலியில் அதே தொங்கல்.

மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் இருக்கும் ரிப்பேர் கடைக்குப் போனேன்.

“லினக்ஸெல்லாம் நாங்க தொடறதில்லீங்க சார். பழைய சிஸ்டத்தையே போட்டுத் தரேன், வெள்ளிக்கிழமை வாங்க.”

“இன்டர்வியூ நாளைக்குங்க. தனியா ஒரு கேமரா வாங்கி மாட்டிக்க முடியாதா?”

“ஸ்டாக் இல்லீங்களே. அதுவும் வெள்ளிக்கிழமைதான் வரும்.”

வீட்டுக்கு வந்து கத்தினேன். என் கத்தல் மாலதிக்குக் கேட்காதுதான். ஆனால் முகம் தெரியுமே. “செல்போன்லயே பண்ணிடு” என்று சைகை காட்டினேன். “தப்பாப் படிச்சு தப்பாப் பதில் சொன்னா, திரும்ப சேலை மடிக்கத்தான் போகணும்” என்று அவள் கைகள் சொல்லின. கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவள் அத்தோடு நிற்கவில்லை. லேப்டாப்பைப் பலகை மாதிரி முழுசாக விரித்தாள். டைனிங் டேபிளில் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியை வைத்து, அதன்மேல் லேப்டாப்பைத் தலைகீழாகச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். கீபோர்டு மேலே, திரை கீழே.

“இப்ப அவங்களுக்கு நான் நேராத் தெரிவேன். நமக்குத்தான் திரை தலைகீழ். அதைத் திருப்பத் தெரியுமா உனக்கு?”

தெரியும்! திரையைத் திருப்பும் வசதி செட்டிங்ஸிலேயே இருந்தது. ஒரு நிமிஷ வேலை. மூன்று நாளில் நானாகச் செய்து உருப்பட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் இன்டர்வியூ நாற்பது நிமிஷம் நடந்தது. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. கதவோரம் நின்றபடி, அவள் முதுகையும் அசையும் முழங்கைகளையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்து வந்தவளிடம், என்ன கேட்டார்கள் என்றேன்.

“ஒரு குழந்தைக்கு சைகை பிடிபடலைன்னா என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க. எதிரே நிக்காம அது பக்கத்துல போய் நிப்பேன்னு சொன்னேன். அப்பதான் என் கை அதோட கை மாதிரியே தெரியும்.”

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால், எந்த வெர்ஷன் என்றல்லவா கேட்டிருப்பேன்?

வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் கோயம்புத்தூர் கிளம்புகிறாள். “அந்த லேப்டாப்பை நான் எடுத்துக்கட்டுமா அண்ணா?” என்றாள். வாழ்க்கையில் எதையும் நான் அத்தனை வேகமாகத் தானம் செய்ததில்லை!