நடுங்கியது என் கை

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றி நான் தொலைபேசியில் பொய் சொன்னேன். அவளுக்குக் கை நடுங்கும் என்று சொன்னேன். நடுங்கியது என் கை. அந்தப் பொய்யால் அவளுக்குக் கிடைக்கவிருந்த வேலை போனது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயதை நான் தாண்டிவிட்டேன். இருந்தும் இந்த நாலு வரியை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து வாசல்வரை போய்வந்துவிட்டேன்.

நான் பல் மருத்துவன். ஜோகூர் பாருவை அடுத்த பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருபத்தாறு வருடம் கிளினிக் நடத்தினேன். அவள் செடெனாக் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். அப்பா இல்லை. அம்மா செம்பனை மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்குபவர். அவருக்கு வேலை இருக்கும்வரைதான் தோட்டத்து வீடு. ஓய்வு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் டவுனில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து அம்மாவை அழைத்துவந்துவிட வேண்டும், அதுதான் அவளுடைய ஒரே எண்ணம். வேலை கேட்டு வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"பயிற்சி முடிஞ்சதும் நான் சிங்கப்பூர் பக்கம் வேல தேடுவேன் டாக்டர். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

பல் தாதி வேலையை நான் சொல்லிக்கொடுத்ததைவிட அவள் பார்த்துப் பிடித்துக்கொண்டதுதான் அதிகம். எச்சிலை உறிஞ்சும் குழாய் நாக்கின் அடியில் பட்டால் நோயாளிக்குக் குமட்டும். முதல் வாரத்தில் மூன்று பேரைக் குமட்ட வைத்தாள். நான்காவதாக வந்த சீனக் கிழவர், வாயில் பஞ்சு வைக்கும்போது பயத்தில் அவள் விரலைக் கடித்தே விட்டார். கையுறையைக் கழற்றியபோது விரலில் பல் பதிந்திருந்தது. கையை ஏன் இழுக்கவில்லை என்று கேட்டேன்.

"இழுத்திருந்தா பஞ்சு தொண்டைக்குள்ள போயிருக்கும் டாக்டர்."

அப்படிப்பட்ட கை.

அவள் வந்த ஆறாவது மாதம் என் வலது கை ஆடத் தொடங்கியது. முதலில் பேனா பிடிக்கும்போது. பிறகு ஊசி பிடிக்கும்போது. வைத்தியனுக்கு இது என்னவென்று தெரியாமல் இருக்காது. நான் யாரிடமும் போய்க் காட்டவில்லை. வாரக்கடைசிகளில் வீட்டுக்குள் ஓயாமல் நடந்தேன். கை வீசி நடக்கும்போது நடுக்கம் தெரிவதில்லை.

அவள் எதுவும் கேட்கவில்லை. ஊசியை என் கையில் தருவதற்கு முன் நோயாளியின் கன்னத்தருகே கொண்டுவரத் தொடங்கினாள். நான் அதைக் கொண்டுபோக வேண்டிய தூரம் குறைந்தது. நோயாளியின் தாடையைத் தாங்குவதுபோல விரலை வைப்பாள். என் மோதிர விரல் அதன்மேல் ஊன்றிக்கொள்ளும். ஒருநாள் முன்பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன். கடைவாய்ப் பல் பிடுங்குவது, வேர்ச்சிகிச்சை எல்லாம் காலையில் இருந்தன. பிற்பகலில் வெறும் பல் சுத்தம், செயற்கைப் பல்லுக்கு அளவெடுப்பது. காலையில் என் கை கொஞ்சம் அடங்கியிருக்கும் என்பதை அவள் கவனித்து வைத்திருக்கிறாள். அந்தக் காலத்தில் என் நாற்காலியில் ஒருவருக்கும் காயம் படவில்லை என்றால் அது அவளால்தான்.

ஒரு லாரி ஓட்டுநர் மட்டும் கவனித்துவிட்டார். படுத்தபடியே அவளைப் பார்த்து, "மிசி, டாக்டருக்குக் குளிருது போல, கை ஆடுது பாருங்க. ஏர்கோனக் குறைங்க லா" என்றார்.

"டாக்டர் கை ஆடல அண்ணே, உங்க வாய்தான் ஆடுது. லாரி பிரேக் மாதிரி அதையும் கொஞ்சம் புடிங்க."

அவர் வாயைத் திறந்தபடியே சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று பல் ஒழுங்காக வந்தது.

பயிற்சி முடிய ஒரு மாதம் இருந்தபோது, பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரிலிருந்து ஒரு கிளினிக்கின் மேற்பார்வையாளர் அம்மாள் என்னை அழைத்தார். அவளை எடுத்துக்கொள்ளத்தான் நினைக்கிறோம், உங்கள் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார். நேரம் தவறாதவளா? ஆமாம். சுத்தம்? ஆமாம். கை எப்படி, எங்கள் டாக்டர் நுணுக்கமான அறுவைச் சிகிச்சை செய்பவர் என்றார். சுவருக்கு அப்பால் அவள் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"நல்ல பெண்தான். ஆனால் கை கொஞ்சம் நடுங்கும்" என்றேன்.

"உண்மையைச் சொன்னதற்கு நன்றி, டாக்டர்" என்று அந்த அம்மாள் போனை வைத்தார்.

அவள் போய்விட்டால் என்னால் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. அதுதான் காரணம். இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது இருக்குமா என்று பிற்பாடு தேடிப் பார்த்தேன். இல்லை.

பத்து நாள் கழித்து அவளே வந்து சொன்னாள். "என் கை ஸ்டெடியா இல்லையாம் டாக்டர். இன்டர்வியூல ஒரு ட்ரே தூக்கச் சொன்னாங்க. அப்ப ஆடிருச்சு போல."

"மொத தடவதானே. வேற வரும்" என்றேன்.

வேறு வருவதற்குள் அம்மாவின் வேலை முடிந்தது. தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, பண்டார் தெங்காராவில் சின்னம்மா வீட்டின் பின்னறைக்கு அம்மா போனார். அவள் முன்போலவே இரண்டு தொழிற்சாலைப் பெண்களோடு அறையைப் பகிர்ந்துகொண்டு என்னிடமே வேலையில் இருந்தாள். திங்கட்கிழமைகளில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காமல் போனது. ஒரு திங்களன்று, நான் கேட்காமலே, "அம்மா அந்த வீட்டுல அடுப்பு மூட்டறதுக்குக்கூடக் கேட்டுத்தான் மூட்டறாங்க டாக்டர்" என்றாள். நான் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எதையோ தேடுவதுபோல நின்றேன்.

பிறகு ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் பின்கட்டுக்குப் போனேன். அவள் கையை நீட்டி ஒரு தட்டைப் பிடித்தபடி நின்றிருந்தாள். தட்டில் வாய் கொப்பளிக்கும் கோப்பைகள் நான்கு, விளிம்புவரை தண்ணீர். கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

"தெனமும் பத்து நிமிஷம் டாக்டர். ஒரு சொட்டுகூடச் சிந்தல. அன்னிக்கு மட்டும் ஏன் ஆடுச்சுன்னு தெரியல."

 அந்தச் சனிக்கிழமை மாதா கோவிலில் ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபாதர் ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். வீட்டுக்கு வந்தும் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மனைவி கையைப் பிடித்து உட்காரவைத்து விஷயத்தைக் கேட்டு வாங்கினாள்.

"ஃபாதர்கிட்ட சொன்னீங்க, சரி. வேல போனது ஃபாதருக்கா?"

திங்கள் காலை அந்தக் கிளினிக்கை அழைத்தேன். நான் சொன்னது பொய், கை நடுங்குவது எனக்கு, அவளுக்கு அல்ல என்றேன்.  அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது என்றார் அந்த அம்மாள். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "டாக்டர், நீங்கள் இன்னும் நோயாளிகளைப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். எட்டரை மணிக்கு ஒரு வேர்ச்சிகிச்சை இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்த இல்லையும் பொய்யாகிவிடக் கூடாது, இனி யார் வாயிலும் கை வைக்கக் கூடாது என்று தோன்றியது.

அவள் வந்ததும் அவளிடம் சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கருவிகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. ஐந்தாறு உறைகளை ஒட்டி முடித்தாள்.

"உங்க கை விஷயத்த நான் யார்கிட்டயும் சொல்லல டாக்டர். எங்கம்மாகிட்டகூடச் சொல்லல."

ஒட்டிய உறைகளை அடுக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"எட்டரைக்கு வர்றவங்கள என்ன செய்யறது?"

"வேற கிளினிக்குக்கு அனுப்பிடும்மா. எல்லாரையும் அனுப்பிடு."

அவள் முன்பதிவுப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினாள். டாக்டருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். நான் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நற்சான்றிதழ் எழுதித் தருகிறேன் என்றேன். "எழுதினத வச்சு என்ன பண்றது டாக்டர்? மறுபடியும் உங்களுக்குத்தானே போன் பண்ணுவாங்க" என்றாள். பயிற்சிக் கையேட்டில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டாள். கடைவீட்டின் மேல்மாடி காலியாகத்தான் இருக்கிறது, அம்மாவை அழைத்துவந்து வாடகையில்லாமல் இருந்துகொள்ளுங்கள் என்றேன். இதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"எங்கம்மா முப்பது வருஷம் மொதலாளி வீட்லதான் இருந்தாங்க. மறுபடியுமா?"

ஜோகூர் பாருவில் எனக்குத் தெரிந்த ஒரு பல் மருத்துவரிடம் அவளைப் பற்றிச் சொன்னேன். என் சொல்லை நம்ப வேண்டாம், மூன்று நாள் வைத்துப் பாருங்கள் என்றேன். இரண்டாம் நாளே எடுத்துக்கொண்டார். நான் கிளினிக்கை விற்றேன். அவள் அங்கே இரண்டு வருடம் இருந்து, பிறகு சிங்கப்பூர் போனாள். அவளைப் பற்றி விசாரித்து இம்முறை அந்த மருத்துவருக்குத்தான் போன் வந்ததாம். அந்த இரண்டு வருடமும் அம்மா சின்னம்மா வீட்டில் கேட்டுத்தான் அடுப்பு மூட்டினார். அதை நான் திருப்பித் தர முடியாது.

இப்போது அவர்கள் பெர்மாஸ் ஜெயாவிலேயே, என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறார்கள். காய்கறி வாங்கப் போன பாசாரில் அவளுடைய அம்மாவைப் பார்த்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது. அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கூட்டத்தில் என்னை நிறுத்திக் கும்பிட்டார்.

"எம்பொண்ணுக்கு வேல கத்துக் குடுத்தது நீங்கதான் டாக்டரய்யா. உங்களாலதான் எங்களுக்கு இந்த வீடு."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தன் அம்மாவிடம் எதைச் சொல்வது என்பது அவள் பாடு, என் மனப்பாரம் இறங்குவதற்கு அந்த அம்மாவை நான் இடமாக்கக் கூடாது என்று மூடிக்கொண்டேன். பிறகு பல வாரம் வேறு பாசாருக்குப் போனேன். ஆனாலும் சென்ற மாதம் தெருவிலேயே பிடித்துவிட்டார். வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். இரண்டு அறை, பின்னால் சமையலறை. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

நான் உட்காராமல் நின்றிருந்தபோது அவள் வேலை முடிந்து வந்தாள். வாசலில் என் செருப்பைப் பார்த்திருப்பாள். உள்ளே வந்து, "வாங்க டாக்டர்" என்றாள். பிறகு அம்மாவிடம், "டாக்டருக்கு டீ போடும்மா, சீனி கொறச்சு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

டீ வந்தது. வாங்கி, நின்றபடியே குடித்தேன்.

"உக்காருங்க டாக்டரய்யா, இப்ப வந்துருவா."

"இன்னொரு நாள் வர்றேம்மா" என்றேன். குளியலறையில் தண்ணீர் நிற்பதற்குள் நான் தெருமுனையைக் கடந்திருந்தேன்.