பூனைக்காது அத்தையும் நாற்பது போர்வைகளும்

உலகத்தில் சரியாகக் கைதட்டத் தெரிந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் எங்கள் அத்தை. இன்னொருவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஹாலுக்குள் நுழைந்து அத்தை ஒரே ஒரு தட்டுத் தட்டினால் போதும், அந்தக் கட்டடம் தன் வயது, உயரம், கொத்தனார் பூச்சு வேலையில் அடித்த சிமெண்ட் எல்லாவற்றையும் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தவன் மாதிரி கக்கிவிடும். தட்டிய பிறகு தலையை இடப்பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அப்போது யாரும் மூச்சுவிடக் கூடாது. ஒருமுறை நான் தும்மித் தொலைத்தேன். "பரவால்லடி, உன் தும்மல்ல தெரிஞ்சுபோச்சு, பின்சுவர் கோணல்" என்றாள்.

அத்தைக்கு மைக், ஸ்பீக்கர் வேலை. பாட்டு நடக்கும் இடத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால், நூறு திருகுகள் வைத்த பலகைக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்து, பாடுகிறவரின் தொண்டைக்கட்டைப் பாதியாகவும் கிடார்காரரின் திமிரைக் காலாகவும் குறைத்துக்கொண்டிருப்பாளே, அவள்தான். கைதட்டல் எல்லாம் மேடைக்குப் போகும். சத்தம் ஒரு விநாடி கீச்சிட்டால் மட்டும் மொத்த ஹாலும் திரும்பி அத்தையைப் பார்க்கும். எங்கள் ஊர்ப் பாட்டுக்காரர்களும் பக்கத்து ஊர்ப் பாட்டுக்காரர்களும் அவளுக்கு வைத்த பெயர் பூனைக்காது.

அந்தக் காதோடு ஒரே வீட்டில் இருப்பது லேசான காரியம் இல்லை. ஃபிரிட்ஜின் உறுமல் சுருதி சேரவில்லை என்று அடிக்கடி அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். வாரம் ஒருமுறை பால் திரியும். அம்மா சமையலறையில் நின்று கத்துவாள். மாடியிலிருந்து பதில் வரும்: "நீங்க திட்டுறது நியாயம்தான் அண்ணி. கொஞ்சம் கீழ எடுத்துத் திட்டுங்க. அந்த ஓடு பதிச்ச சுவர்ல பட்டு ஒவ்வொரு வார்த்தையும் ரெண்டா வருது." அம்மாவுக்கு அதற்குமேல் எந்த ஸ்தாயியில் திட்டுவது என்று தெரியாமல் போய்விடும். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்குவார்.

அத்தையின் பலகையில் ஒவ்வொரு திருகுக்கும் கீழே சின்னத் தாள் ஒட்டியிருக்கும்: பாட்டு, கிடார், டிரம்ஸ் என்று. ஒரு விடுமுறையில் நான் அத்தனை தாளையும் இடம் மாற்றி ஒட்டினேன். மூன்று மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. அவள் தாளைப் படிப்பதே இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? அத்தைக்குக் காய்ச்சல் வந்த அன்று அவளுக்குப் பதிலாக உட்கார்ந்தவர்தான் பாவம், பாடகியின் குரலை ஏற்றுகிறேன் என்று நினைத்து இரண்டு மணி நேரம் டிரம்ஸை ஏற்றினார்.

எங்கள் ஊருக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊருக்கும் பஸ்ஸில் நாற்பது நிமிடம். எந்த ஊரில் பாட்டுக் கேட்க வசதி அதிகம் என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. டீக்கடையில் யாராவது அத்தையிடம் தீர்ப்புக் கேட்டுவிட்டால் டீ ஆறும்வரை விடமாட்டாள்.

"நம்ம ஊர் ஹாலெல்லாம் எங்க அண்ணன் மாதிரி. எதைச் சொன்னாலும் உள்ள வாங்கி வச்சுக்கும், பதிலே வராது. அந்த ஊர் ஹாலெல்லாம் எங்க பக்கத்து வீட்டம்மா மாதிரி. ஒண்ணு சொன்னா மூணாத் திருப்பிச் சொல்லும்."

எங்கள் ஊரில் அவள் மதிப்பது பழைய நகராட்சி ஹாலைத்தான். கூரையில் ஈரக்கறை, நாற்காலிக்கு ஒரு மூட்டைப்பூச்சிக் குடும்பம். பின்சுவரை ஒட்டி இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் போகும். வெளியூர்ப் பாடகர் ஒருவர் பாட்டை நிறுத்திவிட்டு முறைத்தார். அத்தை மைக்கில் சொன்னாள்: "நீங்க பாடுங்க சார், அது எங்க ஊரு ஆளுதான்." மூடிப்போன சினிமாத் தியேட்டரைப் பாட்டு ஹாலாக மாற்றியிருக்கிறார்களே, அது அவளுக்கு ஆகாது. அந்த மெத்தை நாற்காலிகள் குரலை முழுசாகத் தின்றுவிடுமாம். அந்த ஊர் மீன் சந்தைக் கொட்டகையில் வாரக்கடைசியில் பாட்டு நடக்கும். தகரக் கூரை, மழை வந்தால் பாடுகிறவர்கள் வாயசைக்க வேண்டியதுதான். ஆனாலும் அத்தைக்கு அதன்மேல் ஒரு பிரியம். "அங்க யாரும் மொபைலைப் பார்க்க மாட்டாங்க. மீன் வாசத்துல மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவனுக்கு ஏது கை?"

அவளுடைய ஆயுதங்கள் இரண்டு. ஒன்று சொன்னேனே, தட்டு. இன்னொன்று நாற்பது போர்வைகள். ஆள் இல்லாத ஹால் பொய் பேசும் என்பது அவள் கட்சி. வெறும் நாற்காலிகளுக்கு நடுவே சத்தம் பந்து மாதிரி துள்ளும். ஆட்கள் வந்து உட்கார்ந்தால் அவர்கள் உடம்பும் துணியும் பாதியைக் குடித்துவிடும். அதனால் புது ஹாலைச் சோதிக்கப் போகும்போது நாற்காலிகளின் மேல் போர்வை போர்த்தி ஜனங்களை உண்டாக்குவாள். மூடப்பட்ட ஒரு லாட்ஜிலிருந்து வாங்கியவை. ஒவ்வொன்றின் மூலையிலும் அறை எண் தைத்திருக்கும். "ஏய், பதினேழாம் நம்பர் ரூமைத் தூக்கி முன்வரிசையில போடு" என்று அவள் கத்துவதைக் கேட்டு வாட்ச்மேன்கள் கலங்குவார்கள். போர்வை பற்றாவிட்டால் குடும்பத்தை அழைத்துப் போவாள். அப்பா மூன்று போர்வைக்குச் சமம். அம்மா பேசாமல் இருந்தால் ஒன்றரை. என்னைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "இவ ஒரு எடத்துல இருக்க மாட்டா. இவளை நம்பி ஒரு ஹாலை எடை போட முடியாது."

போன மாதம் அந்த ஊரில் கட்டி முடித்த புது ஹாலிலிருந்து அவளுக்கு நிரந்தர வேலைக்கு அழைப்பு வந்தது. ஹாலுக்குப் பின்னாலேயே தங்க ஓர் அறை. போனால் அங்கேதான் இருக்க வேண்டும். அத்தை உடனே சரி என்று சொல்லவில்லை. "ஹாலை நான் முதல்ல பரீட்சை பண்ணுவேன். அது பாஸானாத்தான் வருவேன்" என்று வேலை கொடுக்க வந்தவரிடமே சொல்லிவிட்டாள். அம்மா மாடி அறை ஜன்னலுக்குப் புதுத் திரை தைக்க அளவெடுக்கத் தொடங்கினாள். பால் இனித் திரியாது என்றாள், ஆனால் அளவு நாடாவை மூன்று முறை கீழே போட்டாள். அப்பா வழக்கம்போல் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு என்ன? மாடி அறை காலியானால் சைக்கிளை ஏற்றி வைக்கலாம். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்பீக்கர் வண்டியில் போர்வைகளும் நாங்களுமாகப் போய் இறங்கினோம். முந்நூறு இருக்கை, சுவரெல்லாம் மரப்பலகை, புது பெயிண்ட் வாசம். ஹால் மேனேஜர் டை கட்டியிருந்தார். "எங்க ஹால்ல ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும் மேடம்" என்றார்.

"ஊசி விழுறதைக் கேக்க யாரு சார் டிக்கெட் வாங்கிட்டு வர்றா?" என்று கேட்டுவிட்டு அத்தை நடு ஹாலில் நின்று ஒரு தட்டுத் தட்டினாள். தலையைச் சாய்த்தாள். கண்ணை மூடினாள். பிறகு சிரித்தாள்.

எத்தனையோ ஹால்களில் அவள் தட்டிப் பார்த்திருக்கிறேன். முகம் சுளிப்பாள், உச்சுக் கொட்டுவாள், "ம்" என்பாள். சிரித்ததில்லை.

ஹால் பாஸாகப் போகிறது. அம்மா கொண்டுவந்த சாப்பாட்டுப் பையில் ஸ்பூன் கிடந்தது. போர்வை போர்த்துகிற சாக்கில் பதினோராம் வரிசைக்குப் போய், ஓரத்திலிருந்து மூன்றாவது இருக்கையின் அடியில், இரும்புச் சட்டத்துக்கும் திருகுக்கும் நடுவே அதைத் தளர்வாகச் செருகினேன். லேசான உலோகம் எதுவும் ஏதோ ஒரு சுரத்துக்கு ஆடியே தீரும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அத்தைதான். பத்தாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தேன், அங்கே இந்த மாதிரி உபயோகமாக ஒன்றும் சொல்லித் தரவில்லை.

அத்தை பின்னால் போய்ப் பலகைக்கு முன் நின்று கீழ்ச் சுரங்களை ஒவ்வொன்றாக ஸ்பீக்கரில் விட்டாள். ஊம்ம்ம் என்று தரை அதிர்ந்தது. நான்காவது சுரத்தில் எங்கிருந்தோ ஜிர்ர்ர் என்று ஓர் எரிச்சல் சத்தம். மேனேஜரின் முகம் பெயிண்ட்டைவிட வெளுத்தது.

"இது... நேத்துவரைக்கும் இல்லையே மேடம்!"

"இன்னிக்கு இருக்கே சார்" என்றாள் அத்தை.

மறுபடி விட்டாள். மறுபடி ஜிர்ர்ர். மேனேஜர் டையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாம் வரிசைக்கு அடியில் தவழ்ந்தார். உதவிக்கு எழுந்த அப்பாவை அத்தை அதட்டினாள். "அண்ணே, அசையாதீங்க! நீங்க எழுந்தா மூணு போர்வை குறையுது." அம்மா கூரையைக் காட்டினாள், விளக்கில்தான் கோளாறு என்றாள். மேனேஜர் ஐந்தாம் வரிசைக்கடியிலிருந்து ஏணி கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். எனக்கு உள்ளுக்குள் ஆனந்தக் கூத்து. ஹால் ஃபெயில். சாயங்காலம் எல்லோரும் ஒரே வண்டியில் வீட்டுக்கு.

"கடைசியா இன்னொரு தடவை" என்றாள் அத்தை. கையைத் திருகின்மேல் வைத்தாள். விரல்களைத் திருப்பினாள்.

சத்தமே வரவில்லை.

மேனேஜர் தரையிலிருந்து தலையை நீட்டி, "என்னாச்சு மேடம், நின்னுபோச்சா?" என்றார். அத்தை பலகையை விட்டு நகர்ந்து, நேராகப் பதினோராம் வரிசைக்கு நடந்து, மூன்றாவது இருக்கைக்கு அடியில் கையை விட்டாள். எடுத்ததை யாருக்கும் காட்டாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"முதல் ரெண்டு தடவையும் சத்தம் வந்துச்சு. உங்கப்பா தரையப் பார்த்தாரு, உங்கம்மா கூரையப் பார்த்தா, இந்த மனுஷன் எல்லா எடத்தையும் பார்த்தாரு" என்று காதோடு சொன்னாள். "கடைசித் தடவை நான் திருகைத் திருப்புற மாதிரி நடிச்சேன். சத்தமே வராதப்ப நீ ஒருத்திதான்டி பதினோராம் வரிசையப் பார்த்த."

நான் குனிந்து பக்கத்து நாற்காலியின் போர்வையை மடிக்கத் தொடங்கினேன். யாரும் சொல்லாமலே. எனக்கு இது புதுசு.

மேனேஜர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார். "மேடம், ஹால்...?"

"ஹால் ரொம்ப நல்ல ஹால் சார். ஒண்ணாந்தேதி வந்துடுறேன்" என்றாள். "அந்த இருக்கை வரைபடம் இருந்தா குடுங்க."

அவர் மடித்து வைத்திருந்த பெரிய தாளை நீட்டினார். முந்நூறு சின்னக் கட்டங்கள். அத்தை அதை ஒரு நாற்காலியின் முதுகில் விரித்து, பதினோராம் வரிசையில் மூன்றாவது கட்டத்தைப் பேனாவால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கினாள்.

"இதை மட்டும் யாருக்கும் விக்காதீங்க சார். சனிக்கிழமை சாயங்காலப் பஸ்ல இதுக்கு ஒரு ஆள் வரும்" என்றாள். அவளுடைய இன்னொரு கை என் காதைப் பிடித்திருந்தது. திருகவில்லை. பிடித்திருந்தது, அவ்வளவுதான்.