டீ வாங்கப் போனவன்

ரிபாயியை நல்லவன் என்று காட்ட இதை எழுதவில்லை. இருபது வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன். கெட்டவன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவன். தங்கை ஹஸ்னா பானுவுக்குப் பதினெட்டு வயதில் மனசு கலங்கியது. கை காலைக் கட்டி வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து வண்டியைக் கண்டாலே அலறுவாள். எங்கே போவதானாலும் ரிபாயி அவளை நடத்தித்தான் கூட்டிப்போவான்.

போன வருஷம் அவன் மகள் ஹனாவுக்குக் கடையநல்லூரிலிருந்து சம்பந்தம் வந்தது. ரிபாயி தனக்குக் கூடப்பிறந்தவர்களே இல்லை என்று சொல்லிவிட்டான். மற்றதை மனைவி ஷரீபா பீவி சொன்னாள்.

"ஹஸ்னாவக் கடற்கரைத் தர்காவுல விட்டுட்டு வாங்க. அங்கன சோறு போடுதாங்க. ஹனா வாழ்க்கையப் பாருங்க."

நூற்று முப்பது கிலோமீட்டர் இருக்கும். ஏழு நாள் நடந்தார்கள். தேவர்குளம், மானூர், திருநெல்வேலி என்று தார் உருகும் ரோடு. இட்டமொழி தாண்டினால் தேரிக்காடு. எங்கு பார்த்தாலும் செம்மணல், முள். ஒதுங்க நிழல் கிடையாது. அங்கே ஹஸ்னாவின் செருப்பு அறுந்தது. ரிபாயி தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தான். விட்டுவிட்டு வரத்தான் போகிறோம் என்று தெரிந்தே கொடுத்தான். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதோடு ஒவ்வொரு முக்கிலும், "இந்த எடத்த ஞாபகம் வச்சுக்க, பிரிஞ்சிட்டா இப்படியே வரணும்" என்பது அவன் வழக்கம். பழக்கதோஷத்தில் அதையும் வழியெல்லாம் சொல்லியிருக்கிறான்.

தர்கா வாசலில் அவளை உட்காரவைத்து, "டீ வாங்கிட்டு வாரேன்" என்றான். நேரே போய் பஸ் ஏறிவிட்டான். ஊர் வரும்வரை அழுதானாம். அழுதால் ஆச்சா?

அவன் திரும்பிவந்த பன்னிரண்டாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நானும் இருந்தேன். டீ கொடுத்து முடிக்கவில்லை, வாசலில் ஹஸ்னா நின்றாள். உதடு வெடித்திருந்தது. ஒரு காலில் ரிபாயியின் செருப்பு. மற்றக் கால் வீங்கி, விரல்கள் கறுத்திருந்தன.

"இங்கனயா இருக்க? ரெண்டு நாளு உக்காந்து பாத்தேன். வழி தப்பிட்டியோன்னு வழிநெடுகத் தேடிட்டு வாரேண்ணே."

"யாரு இது?" என்று மாப்பிள்ளையின் வாப்பா கேட்டார். ரிபாயி அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் கோபம் என்று ஹஸ்னா நினைத்துவிட்டாள்.

"செருப்புல ஒண்ணு மணல்ல போயிட்டு. ஏசாதண்ணே."

"என் கூடப்பிறந்தவ" என்றான் ரிபாயி.

வந்தவர்கள் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். ஹனாவுக்கு இன்னும் எதுவும் அமையவில்லை. ஹஸ்னாவுக்கு இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் ரிபாயி அவளைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் போனான்.

இப்போதும் அவன் டீ குடிக்கக் கிளம்பினால் அவளும் நொண்டிக்கொண்டே கூட வருகிறாள். தனியாக விட்டால் அவன் தொலைந்துபோவான் என்று அவளுக்குப் பயம்.