புகைப்போர் சங்கத்தின் போசகர்

தன் வீடு இருக்கும் மாடிக் கட்டடத்தின் நிலவறையில் நின்றபடி சட்டை மாற்றுகிறார் யோகலிங்கம். கடையில் போட்டிருந்த சட்டையைக் கழற்றிப் பிளாஸ்டிக் பைக்குள் திணித்து, பையின் வாயை இறுக முடிந்துவிட்டு, சைக்கிளுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் வீட்டுச் சட்டையை மாட்டிக்கொள்கிறார். பிறகு ஈரத் துவாயால் தலையை அழுத்தித் துடைக்கிறார். மூன்றாம் மாடியில் கதவைத் திறக்கும் மனைவி புஷ்பமலர் ஆளை முதலில் பார்ப்பது மூக்கால்தான். "தலை மணக்குது. போய் முழுகிப்போட்டு வாங்கோ. சுருட்டுக் கொட்டிலுக்குள்ள இருந்து வாற ஆள் மாதிரி!" எட்டு வருடமாக ஒவ்வொரு மாலையும் இதே வரவேற்பு. இத்தனைக்கும் மனிதர் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடப் பற்றவைத்ததில்லை.

மியூனிக்கின் தெற்குப் பக்கம், ட்ராம் வளைந்து திரும்பும் மூலையில் இருக்கிறது அவருடைய பப். 'நீல மான்' என்று பெயர். ஆறு மேசை, பதினொரு உயர நாற்காலி, ஜன்னல்களில் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த திரைச்சீலை. காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை யோகலிங்கம் நிற்பார், அதற்குப் பிறகு வேலைக்கு வரும் இமெல்டா பார்த்துக்கொள்வார். பகலில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள். யோகலிங்கம் என்ற பெயரை அவர்களுடைய நாக்கு தாங்காது. 'யோகி' என்று சுருக்கிவிட்டார்கள். அந்த யோகி தொலைபேசியை எடுத்தால் "ஓம்... ஓம், ஓம்... ஓம் அக்கா" என்றே பேசிக்கொண்டிருப்பார். யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதற்கு ஓம் என்பார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? யோகி தியானத்தில் இருக்கிறார், பியர் கொஞ்சம் பொறுத்து வரட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தவர்கள் உண்டு.

தியானம் இல்லையே தவிர, அந்த 'ஓம்' அவருடைய குணம்தான். யாரையும் மறுத்துப் பேசத் தெரியாது. இல்லை என்பதற்கு ஜெர்மன்காரர்கள் சொல்லும் 'நைன்' அவர் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. பப்களில் புகைக்கத் தடை வரப்போகிறது என்று செய்தி வந்த மாதங்களில் இது பெரிய சங்கடமாகிவிட்டது. ட்ராம் ஓட்டி ஓய்வுபெற்ற வால்ட்டர் மேசையில் குத்தி, "அரசாங்கம் என் நுரையீரலை விட்டுத் தள்ளி நிற்கட்டும்" என்பார். ஓம், அது நியாயம்தான். மூலையில் உட்காரும் ஆசிரியத் தம்பதி கண்ணைக் கசக்கிக்கொண்டு, சட்டம் பத்து வருடம் பிந்தி வருகிறது என்பார்கள். ஓம், அதுவும் சரிதான். ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி ஊதும் ஹில்டெகார்ட், "எனக்குத் தடை வேண்டும், ஆனால் அடுத்த தெருவில் வேண்டும்" என்பார். அதற்கும் ஓம்.

ஆனால் உள்ளுக்குள் அவருக்கு ஒரு கட்சி இருந்தது. புஷ்பமலருக்கு முட்டு வருத்தம். புகை பட்டால் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும், மருந்துக் குழாயைத் தேட வேண்டும். அதனால் கணவனின் கடைக்குள் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. ஊர்க் கள்ளுக்கடையைச் சொல்கிற மாதிரி 'தவறணை' என்றுதான் அதைச் சொல்வார். "பப் எண்டு சொல்லுமப்பா" என்று யோகலிங்கம் கெஞ்சுவார். தான் வார்னிஷ் அடித்த மேசைகளையும், பளபளவென்று துடைத்து வைத்த பித்தளைக் குழாய்களையும் மனைவி பார்க்கவில்லையே என்ற குறை அவருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. சட்டம் நிச்சயமானதும் புஷ்பமலர் ஜன்னலில் வைக்க ஒரு பூச்சாடி வாங்கினார். "சனவரியில நானே கொண்டுவந்து வைக்கிறன்" என்றார்.

2008 சனவரி வந்தது. பனியில் வாசலில் நின்று வால்ட்டரும் ஹில்டெகார்ட்டும் உதடு நீலம்பாரிக்கப் புகைத்தார்கள். மற்றவர்கள் வருவதையே விட்டார்கள். மூன்றாவது வாரம் வால்ட்டர் ஒரு வழி கண்டுபிடித்து வந்தார். ஊரெல்லாம் பப்கள் 'புகைப்போர் சங்கம்' ஆகின்றனவாம், உள்ளே வருகிறவர் எல்லோரும் அங்கத்தவர் என்றால் தடை இல்லையாம். "செய்வோமா யோகி?" நடுங்குகிற கிழவரைப் பார்த்து இல்லை என்று சொல்ல யாரால் முடியும்? ஓம் என்றார். வீட்டில் அந்தச் செய்தியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் சொன்னார். பூச்சாடி பால்கனிக்குப் போனது.

சங்கம் என்றால் யாப்பு வேண்டும், எழுதி வைத்த விதிகள். யோகலிங்கம் பதினொரு வருடமாகத் தமிழர் நலன்புரிச் சங்கம் ஒன்றின் செயலாளர். அதன் யாப்பு ஜெர்மன் மொழியில் அவருடைய கணினியில் தயாராக இருந்தது. 'தமிழர் நலன்புரி' என்று வந்த இடமெல்லாம் 'புகைப்போர்' என்று மாற்றினார். வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. வால்ட்டர் தலைவர், ஹில்டெகார்ட் செயலாளர். தனக்கு, நம் சங்கங்களின் வழக்கப்படி, வாக்குரிமை இல்லாத, புரவலர் மாதிரியான போசகர் பதவி. போசகருக்கு ஜெர்மன் மொழியில் என்ன என்று அகராதியைப் பார்த்தால் 'குடைக்குரிய பெருமகன்' என்கிற மாதிரி ஒரு சொல் கிடந்தது. அங்கத்தவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு கறுப்புக் குடை வாங்கிக் கொடுத்தார்கள்.

யாப்பின்படி வருடத்துக்கு நாலு பொதுக்கூட்டம். மார்ச் கடைசியில், முதலாவதுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வால்ட்டர் யாப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நேர அட்டவணையோடு வாழ்ந்த மனிதர், ஒரு வரி விடாமல் படித்திருந்தார். "எட்டாம் விதி, வருடாந்த விளையாட்டுப் போட்டி, சாக்கோட்டம் உட்பட. அதுகூடப் பரவாயில்லை. பதினான்காம் விதி என்ன சொல்கிறது, பார்!" யோகலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். 'பொதுக்கூட்டம் நடைபெறும்போது மண்டபத்தினுள் புகைத்தல் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.' வியாபாரி அல்லவா, மதுவைத் தடுக்கும் விதியை மட்டும் தேடிப் பிடித்து அழித்திருந்தார். புகை கண்ணில் படவே இல்லை.

வேறு ஊராக இருந்தால் சிரித்துவிட்டுப் பற்றவைத்திருப்பார்கள். இங்கே யாப்பு என்றால் யாப்பு. கூட்டத்தில் புகை கிடையாது, பதினான்காம் விதியை நீக்குவது பற்றி வாக்கெடுப்பு, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று வால்ட்டர் அறிவித்தல் ஒட்டினார். அன்று மாலை யோகலிங்கம் வீட்டுச் சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

"இஞ்சரும், வாற ஞாயிறு பதினொரு மணிக்குக் கடையில புகை இல்லை. வாறீரோ?"

"ஒரு நாளைக்கோ?"

"விதியைத் தூக்கிப்போட்டால் ஒரு நாளைக்குத்தான்."

"நீங்கள் வோட்டுப் போடுங்கோவன், வேண்டாமெண்டு."

"போசகருக்கு வோட்டு இல்லையப்பா. நான்தானே எழுதினனான்."

சனிக்கிழமை திரைச்சீலைகளை மூன்று தடவை தோய்த்தார். சுவர்களை வினாகிரியால் துடைத்தார். ஞாயிறு விடிந்ததிலிருந்து ஜன்னல் எல்லாம் திறந்தே கிடந்தது. பதினொரு மணிக்குப் புஷ்பமலர் ஒரு கையில் மருந்துக் குழாயும் மறு கையில் பூச்சாடியுமாக வாசலில் நின்று, மூக்கை நீட்டி இரண்டு தடவை மணந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "மேசை வடிவாத்தான் இருக்கு" என்றார். பெருமையை மறைக்கத் தெரியாத யோகலிங்கம், ஏற்கெனவே துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்தார்.

இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள், ஒருவருக்கும் கை நிலைகொள்ளவில்லை. வால்ட்டர் பேசினார். "புகைப்போர் சங்கத்தில் புகைக்கக் கூடாதென்றால், நீச்சல் சங்கத்தில் நனையக் கூடாது என்பதுபோல!" எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு ஹில்டெகார்ட் எழுந்து புஷ்பமலரை நோக்கித் தலையசைத்தார். "எட்டு வருடமாக யோகி மனைவி, மனைவி என்கிறார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். நமக்குப் புகைக்க வருடத்தில் முந்நூற்று அறுபத்தொரு நாள் இருக்கிறது. அவருக்கு நாலு நாளாவது இருக்கட்டும்."

பியர் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டைகளால் வாக்களித்தார்கள். படம் மேலே இருந்தால் விதி போக வேண்டும், வெறும் பக்கம் இருந்தால் நிற்க வேண்டும். நீக்கப் பதினாறு வேண்டும். எண்ணி முடியும்வரை யோகலிங்கம் குடையைக் கைத்தடிபோல ஊன்றிக்கொண்டு நின்றார். படம், ஒன்பது. வெறும் பக்கம், பதினான்கு. வால்ட்டர் நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார். அதே கணக்கு.

"என்னவாம்?" என்று கேட்டார் புஷ்பமலர்.

"வருசத்துக்கு நாலு தரம் நீர் வரலாமாம்."

பூச்சாடி ஜன்னலில் ஏறியது. இனி இருந்தது கடைசி விடயம் மட்டும்தான். "வேறு ஏதாவது?" என்றார் வால்ட்டர். கூட்டம் முடிந்ததும் பற்றவைக்க இருபத்து மூன்று கைகள் சட்டைப் பைகளுக்குள் தயாராக இருந்தன. புஷ்பமலர் தேநீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சியபடி சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தை முடிக்கும் மணியை நோக்கி வால்ட்டரின் கை போனது. யோகலிங்கம் முந்திக்கொண்டு பித்தளை மணியின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தார்.

"நைன்," என்றார், தலைவரின் முகத்தைப் பார்த்து. மறு கையால் மனைவியின் கோப்பையில் தேநீரை விளிம்புவரை ஊற்றினார்.