காவல்காரரின் உப்புப் பொட்டலம்

1950களில் நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ரயிலுக்கு நேரமிருந்ததால் அத்திப்பட்டு உப்பளத்துப் பக்கம் நடந்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் உப்புக் குவியல்கள்; நடுவே ஒரு காவல்காரர் மட்டும். பாதங்கள் வெள்ளையாக வெடித்திருந்தன. மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, கஞ்சியில் ஒரு கல் உப்பு போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பெரியவரே, இங்கேயே இவ்வளவு உப்பு கிடக்குதே?”

“இது மொதலாளி உப்பு சார். நான் தெனம் கடையில வாங்கிக்கினு வந்துடுவேன்.”

“கடலும் வெயிலும் செஞ்ச உப்புதானே?”

கஞ்சியைக் கலக்கினார். “வேலி அவரு போட்டதாச்சே சார்.”

குரலில் கோபமே இல்லை. நான் எழுந்ததும், “இன்னும் செத்த குந்துங்க சார், பேச ஆளே வர்றதில்ல” என்றார். ரயிலைச் சாக்குச் சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

மூலதனத்தை எங்கள் பாடநூல் பக்கம் பக்கமாக விளக்கியது. அன்றிரவு முழுக்கத் தேடினேன். வேலி என்ற சொல் அதில் ஓரிடத்தில்கூட இல்லை.