ஐந்து பண்புகளும் ஒரு மலை பஸ்ஸும்

என் மகள் பி.எட். படித்தபோது அவளுடைய உளவியல் புத்தகத்தில் ஒரு சங்கதி இருந்தது. மனிதனின் குணத்தை ஐந்து பண்புகளால் அளந்துவிடலாமாம். புதியதை விரும்புவது, ஒழுங்கு, கலகலப்பு, அனுசரணை, பதற்றம். இவை ஆளுக்கு ஆள் கூடும், குறையும். ஓர் ஆளுக்குள் அநேகமாக மாறாது. பத்தாவதோடு நின்ற எனக்கு இது ஒன்றும் புதிதாகப் படவில்லை. மாப்பிள்ளை ஊருக்குப் போய் விசாரிக்கிறவர்கள் காலங்காலமாகக் கேட்பதும் இதைத்தான். நாங்கள் அதற்குப் பரீட்சை வைப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் அவள் அளந்தது என்னை. "கலகலப்பு கம்மிக்கும் கம்மிப்பா" என்றாள். சரிதான். தியாகதுருகம் பஸ் நிறுத்தத்தில் இது எந்த ஊர் வண்டி என்று கேட்கக் கூச்சப்பட்டு, ஏறிவிட்டுத் தெரிந்துகொண்டவன் நான்.

அந்தச் சமயத்தில்தான் மணலூர்பேட்டையிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் டிராக்டர் பட்டறையில் மெக்கானிக். அவளுடைய சிநேகிதி ஒருத்தி கல்யாணமான கையோடு வீங்கின கன்னத்தோடு தாய்வீடு திரும்பியிருந்தாள். அதனால் மகளுக்கு ஒரே பயம். "மத்ததெல்லாம் எப்படின்னா இருக்கட்டும். கோவம் வந்தா கை நீட்டுவாரான்னு மட்டும் விசாரிச்சிகினு வாப்பா" என்று அனுப்பினாள்.

மணலூர்பேட்டையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து யோசித்து டீ மேல் டீ குடித்தேன். கடைசியில் கடைக்காரரே கேட்டார்.

"மாப்ள விசாரிக்க வந்தீங்களா?"

"எப்படித் தெரியும்?"

"வாயத் தொறக்காம இத்தினி டீ குடிக்கிறவரு வேற இன்னாத்துக்கு வருவாரு?"

பையன் யார் என்று சொன்னேன். "அந்தப் புள்ளயா! பேச்சே வராதுங்க. தலயக் குனிஞ்சிகினு வரும், டீயக் குடிச்சிட்டுக் குனிஞ்சிகினே போவும்."

எதிரில் பூ விற்ற அம்மா இதைக் கேட்டுச் சிரித்தார். "அவனா? வாய மூடுனா தாடை புடிச்சிக்கும். என்னச் சிரிக்க வெச்சே பாதி வெலைக்குப் பூவ வாங்கிகினு போயிடுவான்."

பட்டறைக்குப் பக்கத்து வெல்டிங் கடைக்காரரிடம் கோபத்தைப் பற்றிக் கேட்டேன். "கோவமா? ஸ்பேனர் பறக்கும்ங்க" என்றார்.

இப்படியாக மூன்று மாப்பிள்ளைகளோடு வீடு வந்து சேர்ந்தேன். மகள் புத்தகத்தை நம்பி, "எல்லாரும் சொன்னதையும் சேத்துச் சராசரி எடுக்கணும்ப்பா" என்றாள்.

"ஊமையையும் வாயாடியையும் கூட்டி ரெண்டால வகுத்தா வர்றவன் எந்த ஊர்ல இருக்கறான்? அவனையே கட்டி வெக்கிறேன்."

"ஸ்பேனர் யார் மேல பறந்துச்சின்னு கேட்டியா?"

கேட்கவில்லை. என் தைரியம் ஒரு கேள்வியோடு தீர்ந்துவிட்டிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கல்வராயன் மலையில் ஒரு கோயிலில் வேண்டுதல் இருந்தது. பெண் பார்ப்பதையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. கள்ளக்குறிச்சியில் இரண்டு குடும்பமும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை வளைவுகள் தொடங்கியதும் என் மனைவிக்குக் குமட்டியது. வண்டியைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள். கண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஜன்னல் இருக்குதில்ல, தலய வெளிய நீட்டும்மா" என்றார். வளைவில், பாறையை உரசிக்கொண்டு போகிற வண்டியில்.

"டேய்! உங்க அப்பன் வூட்டு வண்டியாடா இது? நிறுத்துடா!"

யாரோ கத்துகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கத்தியது நான்தான். வண்டி நின்றது. மனைவிக்குக் குமட்டலும் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா தன் பையை எடுத்து மடியில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கோயிலில் அவர் நேராக என் மகளிடம் போனார். அவர்களும் எங்கள் ஊரில் விசாரித்திருக்கிறார்கள். "உங்கப்பா வாயில்லாப் பூச்சி, பரம சாதுன்னாங்க. நல்லா இருக்குதும்மா உங்க சாது! இந்தச் சம்பந்தம் எங்களுக்குத் தாங்காது."

மகளின் கல்யாணத்தை நானே ஒரு கத்தலில் முடித்துவிட்டேன்.

மகள் அசரவில்லை. "அவரு சாதுதாங்க. எங்கம்மாவுக்கு ஒண்ணுன்னா மட்டும் இல்ல."

"அப்ப நீ?"

"எனக்கு ஒண்ணுன்னா நானே கத்திக்குவேங்க."

தலை குனிந்து நின்ற பையன் சிரித்துவிட்டான். மகள் அவனிடம் திரும்பினாள். "டீக்கடையில பேச மாட்டீங்களாமே?"

"கடைக்காரரு எங்கப்பாவுக்குக் கூட்டாளிங்க. பேசுனா அப்பாகிட்டப் போவும்."

"ஸ்பேனர் பறக்குமாமே?"

"துருப்புடிச்ச நட்டு கழலலன்னா பறக்கும். செவுத்துல தான்."

"ஆளு மேல?"

தலையை நிமிர்த்தினான். "ஒருவாட்டி தம்பிய அடிச்சிட்டேங்க. சின்ன வயசுல. இன்னும் அவன் மூஞ்சி ஞாபகத்துல இருக்குது."

சரி, பண்ணிக்கலாம்ப்பா என்பதுபோல் மகள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் அம்மாவோ இன்னும் சரி என்று சொல்லவில்லை.

சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. சில இளவட்டங்கள் சீட்டுகளில் துண்டு போட்டு, வராத ஆட்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கம்பியைப் பிடித்துத் தள்ளாடியபடி என் தோளைத் தட்டினார்.

"சம்பந்தி, சித்த ஒரு சத்தம் போடுங்களேன்."

சம்பந்தி என்றாரே! மொத்த வண்டியும் என்னைப் பார்த்தது. நெஞ்சை நிமிர்த்தினேன். வாயைத் திறந்தேன்.

"பரவால்லைங்க, நிக்கலாம்" என்று வந்தது.