இடப்பக்கம் அஞ்சாம் சீட்டு

என் ஆல்பத்தின் ஏழு பாட்டையும் ஒரு கம்பெனி பஸ்ஸுக்குள் உட்கார்ந்துதான் பதிவு செய்தேன். ஒரகடத்தில் ஆறு பேர் தங்கியிருந்த எங்கள் அறையில் எந்நேரமும் யாராவது ஒருத்தன் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பான். கிட்டாரைத் தொட்டாலே தலையணை பறந்து வரும். பஸ்ஸோ காலை ஷிஃப்டை இறக்கிவிட்டு, மதியம் எங்களை ஏற்றும்வரை ஒரு காலி மனையில் சும்மா நிற்கும். கண்ணாடிகளை இழுத்து மூடினால் வெளிச்சத்தம் வராது. காற்றும் வராது. வேர்வையில் கிட்டார் வழுக்கும். டிரைவர் அண்ணன் பென்னலூர்க்காரர். கடைசி சீட்டில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டே கேட்பார்.

"இன்னாபா, எல்லாப் பாட்டும் அழுவாச்சியாவே கீது. ஒரு கல்யாணப் பாட்டு போடேன்," என்பார்.

"எனக்கு விழுந்தது எழவுல்லாண்ணே," என்பேன்.

அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். அவள் என்னை விட்டுப் போயிருந்தாள். காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் இருவருக்கும் ஒரே லைன், ஒரே ஷிஃப்ட், ஒரே பஸ். நான் கோவில்பட்டிப் பக்கம், அவள் அருப்புக்கோட்டைப் பக்கம். இரண்டு வருடப் பழக்கம். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு டீக்கடை வாசலில் வைத்து, சூப்பர்வைசரிடம் ஏன் சிரித்துப் பேசினாய் என்று நான் கத்தின கத்தில், கடைக்காரர் வடை திருப்புவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவள் ஓவர்டைம் கேட்கத்தான் பேசினாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம், அன்றைக்கும் இன்றைக்கும்.

"போதும். இதுக்கு மேல என்னால முடியாது," என்றாள். மறுவாரமே கேட்டு வாங்கிக் காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டாள்.

என் பாட்டு எதிலும் இந்த டீக்கடை வரவில்லை. ஏழிலும் நான் நல்லவன், அவள் கைவிட்டவள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருந்தேன். அவள் அப்பா ஒரே ஒரு பேச்சை வைத்துத்தான் அவளை இங்கே வேலைக்கு விட்டிருந்தார். "ஒம் பேரு யார் வாயிலயும் விழக்கூடாது. விழுந்துச்சுன்னா அன்னைக்கே ஊருக்கு வந்துரணும்." ஊரில் அவளுக்கு அத்தை மகன் ஒருவன் காத்திருந்தான். அவனைக் கட்டிக்கொள்ளப் பிடிக்காமல்தான் இங்கே ஓடிவந்து, ஹாஸ்டலில் தங்கி, சொந்தக் காலில் நின்றுகொண்டிருந்தாள். இதையெல்லாம் அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதனால் பாட்டில் எங்குமே அவள் பேரை வைக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பெரிய மனுசன் அல்லவா நான்.

கம்பெனி பஸ்ஸில் சீட்டுக்கு நம்பர் கிடையாது. ஆனால் ஒருத்தர் சீட்டில் இன்னொருத்தர் உட்காரமாட்டார்கள். லீவு போட்டால்கூட அந்த இடம் காலியாகத்தான் வரும். எந்த ஷிஃப்டுக்கு மாறினாலும் அவள் இடம் இடப்பக்கம் ஐந்தாவது, ஜன்னலோரம். அங்கே கண்ணாடி கடகடவென்று ஆடும். ஒரு பழைய கையுறையைச் சுருட்டி இடுக்கில் செருகிவிட்டு, அதில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். நான் எழுதினேன்:

"இடப்பக்கம் அஞ்சாம் சீட்டுக்காரி,
ஆடுற கண்ணாடிக்குக் கையுறைய வச்சா,
அலையுற எம்மனசுக்கு என்னத்த வச்சா?
ஆறு மாசம் எந்தோளுல தூங்கிப்புட்டா."

கடைசி வரி பொய். அவள் ஒருநாளும் என் தோளில் தூங்கியதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரக்கூட விட்டதில்லை. தாளத்துக்குச் சரியாக வந்தது, வைத்துவிட்டேன்.

"இது சூப்பரா கீதுபா. பென் டிரைவ்ல போட்டுக் குடு, பஸ்ல ஓட வுடறேன்," என்றார் அண்ணன். ஆல்பம் முடிவதற்குள்ளேயே போட்டுக் கொடுத்தேன். அவர் பஸ்ஸில்தான் தினமும் காலை அவள் ஏறுகிறாள். பாட்டு அவளைப் பற்றியது என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவள் கேட்கட்டும், கேட்டு அழட்டும் என்றுதான் கொடுத்தேன்.

பேர் எதற்கு? முதல் தடவை ஓடும்போதே பஸ்ஸில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பி அந்த ஜன்னலைப் பார்த்திருக்கிறார்கள். கையுறை அங்கேயேதான் இருந்திருக்கிறது. மறுநாள் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். யாரோ போனில் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அது ஹாஸ்டலுக்குப் போய், அருப்புக்கோட்டைக்கும் போய்ச் சேர்ந்தது.

"அந்தப் பொண்ணு இப்பல்லாம் சீட்ல குந்தறதே இல்லபா. நின்னுக்கினேதான் வருது," என்றார் அண்ணன் ஒரு வாரம் கழித்து. பென் டிரைவை என் கையில் வைத்தார். "அதப் பத்தின பாட்டுன்னு சொல்லியிருந்தா நான் போட்டிருப்பனா? எனக்கும் பொண்ணு கீதுபா."

அன்றே அந்தப் பாட்டை அழித்தேன். என்னிடம் இருந்ததைத்தான் அழிக்க முடிந்தது.

அடுத்த ஞாயிறு காலை அவரே போன் செய்தார். "அதோட அப்பா வந்துகிறாருபா. இட்டுனு போறாரு. கூட்ரோட்ல வண்டலூர் பஸ்ஸுக்கு நிக்கிறாங்க."

ஓடினேன். பாட்டைக் கட்டினது நான், தோளில் தூங்கினது பொய், உங்கள் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்த மூன்றையும் அவள் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் நாலு அடி விழும், ஆனால் அவர் மனசு மாறி அவளை விட்டுவிட்டுப் போகவும் கூடும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஒல்லியான மனிதர். காலடியில் ஒரு சூட்கேஸ், கயிறு கட்டின ஒரு பிளாஸ்டிக் வாளி. அவள் என்னைப் பார்த்துவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்து நின்றது.

"தம்பி, ஒரு கை பிடிங்க. எனக்குத் தூக்க முடியல," என்றார் அவர்.

"குடுங்கய்யா," என்று சூட்கேஸை வாங்கி உள்ளே ஏற்றி வைத்துவிட்டு இறங்கினேன்.

"பேச்சப் பாத்தா நம்ம பக்கம் மாதிரி இருக்கே?"

"கோவில்பட்டிப் பக்கம்யா."

"இங்க சூதானமா இருங்க தம்பி. எவனோ ஒருத்தன் எம்பிள்ளையப் பத்திப் பாட்டுக் கட்டி விட்டுட்டான்." வாளியைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். "நான் அதக் கேக்கல. கேட்டா எம்பிள்ளைய நம்பாத மாதிரி ஆயிரும்ல. ஆனா ஊரே கேட்ருச்சு. நான் என்ன செய்ய? எங்கக்கா மகனுக்கே தையில முடிச்சிரலாம்னு சொல்லிட்டேன்."

அவள் வாளியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் முழுக்கக் கேட்கப் பாடின வாய்க்கு மூன்று வாக்கியம் வரவில்லை.

"பத்திரமாப் போங்கய்யா," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்லா இருப்பீங்க தம்பி," என்றார். அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.